புற்றுநோயும் கிருமியும்: ஒரு சம்மதப் படிவத்தின் வரலாறு



சென்ற வாரம் பள்ளி முடிந்து புறப்படும் வேளையில், முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயார் வாயிலருகே காத்திருந்தார். மகள் இப்போது படிவம் ஒன்றில் பயில்கிறாள். இடைநிலைப்பள்ளி அனுப்பிய சம்மதப் படிவத்தை நீட்டி, “கர்ப்பப்பை புற்றுநோய்க்கு ஊசியாம் டீச்சர். பதிமூணு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இது? கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டார். போடுங்கள் என்றேன். ஆயினும், ஏன் என்பதை நின்றபடியே விளக்கிவிட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலந்தொட்டுக் கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பைப் பற்றி நாம் பேசுகிறோம். அவர்களின் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. என் பாட்டியும் கூடை சுமந்தவரே. அவர் ‘அடிவயிற்று நோயில்’ இறந்தார் என்று மட்டுமே வீட்டில் சொல்வார்கள். அது கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று என் தாயார் சொன்னபோது எனக்கு முப்பது வயது கடந்துவிட்டது. வினைப்பயன் என்றும் ஒழுக்கக்கேடு என்றும் ஊரார் பேசுவரோ என்ற அச்சமே அந்த மௌனத்திற்குக் காரணம்.

அறிவியல் வரலாறு கூறுவது வேறு. 1911-இல் அமெரிக்காவில் பெய்டன் ரௌஸ் என்பவர் ஒரு கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, உயிரணுக்களை வடிகட்டி நீக்கி, எஞ்சிய சாற்றை வேறொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. வடிகட்டியைக் கடந்து சென்றது ஒரு வைரஸ். இக்கண்டுபிடிப்பிற்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். அப்போது ரௌஸின் வயது 87.

1960-களில் பரூக் புளும்பெர்க் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிய வழிவகுத்தார். உடலில் நெடுங்காலம் தங்கினால் ஈரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி அது. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே, இன்றைய இளம் பெற்றோர் பலர் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியொன்றைத் தொட்டிலிலேயே பெற்றவர்கள்!

1983-இல் ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹாசன் குழுவினர், கருப்பைவாய்ப் புற்றுக்கட்டிகளில் எச்.பி.வி. 16 என்னும் வைரஸ் வகையைக் கண்டனர். அவருக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸ் பாலுறவின்வழி பரவுவது, மிகப் பரவலானது, மணமானவர் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் தொற்றக்கூடியது. எனவே, இதில் ஒழுக்கத்தை ஐயுற இடமில்லை. பெரும்பாலும் உடலே இதனை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, உயிரணுவின் காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்து, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாகிறது.

பதிமூன்று வயதில் ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. இவ்வூசி வந்த நோயைப் போக்காது. கிருமி நுழையுமுன் உடலை ஆயத்தப்படுத்தும். மழைக்கு முன்னரே கூரை வேய்வது போன்றது. நம் நாட்டில் 2010-இல் இத்திட்டம் பள்ளிகளில் தொடங்கியது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். 2000-இல் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற தாதியர் செய்தனர். மருத்துவர் சங்கரநாராயணன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அவர்களுள் பலர் நம்மைப் போன்ற உழைக்கும் பெண்களே.

ஆகவே, மகளின் படிவத்தில் கையொப்பமிடுங்கள். அத்துடன், அரசாங்க மருந்தகத்தில் உங்களுக்கும் சோதனைக்கு நாள் கேளுங்கள். என் பாட்டிக்கு நோயின் பெயரைச் சொல்லக்கூட ஆளில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வேண்டாம்.