ஆளில்லாத பயோடேட்டா

2001 ஜூலையிலிருந்து பாஸ்டன், சிகாகோ கம்பெனிகளுக்கு ஒரு வகை பயோடேட்டா வரத் தொடங்கியது. படிப்பு, அனுபவம், தொலைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. ஆள்தான் கிடையாது.

தயாரித்தவர்கள் பொருளாதாரப் பேராசிரியர்கள் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் (நம்ம பக்கத்துப் பெயர்தான்). வேலை தேடுவோர் இணையத்தில் போட்டிருந்த நிஜ பயோடேட்டாக்களை எடுத்து, பெயரையும் முகவரியையும் நீக்கினார்கள். பாஸ்டன்காரருடையதை சிகாகோவுக்கும், சிகாகோக்காரருடையதை பாஸ்டனுக்கும் மாற்றி அனுப்பினார்கள். அசல் ஆளின் பிழைப்பில் மண் விழக்கூடாதே!

அடுத்தது பெயர் சூட்டல். மாசசூசெட்ஸ் பிறப்புப் பதிவுகளைப் புரட்டி, வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பர் பிள்ளைகளுக்கும் தனித்தனியே புழங்கும் பெயர்களைப் பொறுக்கினார்கள். எமிலி வால்ஷும் கிரெக் பேக்கரும் ஒரு பக்கம். லக்கீஷா வாஷிங்டனும் ஜமால் ஜோன்ஸும் மறுபக்கம். எந்தத் தாளுக்கு எந்தப் பெயர் என்பது குலுக்கல். பெரும்பாலும் ஒரு விளம்பரத்துக்கு நான்கு தாள்கள் ஃபேக்ஸிலோ தபாலிலோ போயின. கம்பெனி திரும்ப அழைத்தால் பதிவுசெய்த குரல் பேசும். அதுவும் பெயருக்கேற்ற இனத்தவரின் குரல். நேர்காணலுக்குக் கூப்பிட்டால், அவர்கள் நேரம் வீணாகாதபடி உடனே மறுத்துவிடுவார்கள்.

ஏறக்குறைய 5,000 தாள்கள் போயின. வெள்ளைப் பெயர்களில் நூற்றுக்கு 9.65-க்கு அழைப்பு வந்தது, கறுப்புப் பெயர்களில் 6.45-க்கு. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பாதித் தாள்களில் கூடுதல் தகுதிகளைச் சேர்த்திருந்தார்கள். வெள்ளைப் பெயருக்கு அதனால் அழைப்பு நன்றாகவே கூடியது. கறுப்புப் பெயருக்கு ஏறியது சொற்பம். ‘தகுதியை வளர்த்துக்கொள்’ என்று லக்கீஷாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இந்தத் தாளுக்கு முன்னோடிகள் ரத்தமும் சதையுமான மனிதர்கள். வர்ஜீனியாவில் வீடு கேட்டுப் போன கறுப்பினப் பெண்ணிடம் ‘காலி இல்லை’ என்றார்கள். வெள்ளைக்காரரிடம் ‘இருக்கிறது’ என்றார்கள். இருவரும் சோதிக்கவே போனவர்கள். குடியேறும் எண்ணமே இல்லாதவருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய்யே சட்டப்படி தீங்குதான், அவர் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

2005-இல் தாள் இந்தியா வந்தது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் தனியார் வேலைகளுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். அழைப்பு வருவதில் உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பு விகிதத்தில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தாள் கொஞ்சம் திணறும். நாம் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் சாதியைப் போடுவதில்லை. இனிஷியல் எதையும் காட்டிக்கொடுக்காது. இங்கே பாகுபாடு நடப்பது வாடகை வீட்டு வாசலில். “சொந்த ஊர் எது தம்பி? ஊருக்குள்ள எந்தத் தெரு? கறி சமைப்பீங்களா?” இதைப் பிடிக்க ஃபேக்ஸ் உதவாது. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போய், அதே வீட்டின் காலிங் பெல்லை அழுத்த வேண்டும்.