மடங்கிய முழங்கை குற்றமா?

கோல்ஃப் பழகப் போகும் வலக்கைக்காரர் காதில் முதல் வாரமே விழும் கண்டிப்பு, "இடது கையை மடக்காதே" என்பதுதான். மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கும்போது இடது முழங்கை வளைந்தால் அது திருத்தியே ஆகவேண்டிய கெட்ட பழக்கம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஆனால் 1896 முதல் 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பனை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனின் இடது கை, ஓங்கிய உச்சியில் நன்றாகவே மடங்கியிருந்தது. ஜார்ஜ் பெல்டம் 1904இல் வெளியிட்ட புகைப்பட நூல், வார்டன் உள்ளிட்ட அக்காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களின் வீச்சை நிலைநிலையாகப் பிரித்துக் காட்டியது. அன்றைய முதல்தர ஆட்டக்காரரிடம் இருந்த வழக்கம் பின்னாளில் பிழையாகிவிட்டது என்றால், மாறியது மனிதக் கையல்ல, கையில் இருந்த மட்டை.

வார்டன் ஆடியது ஹிக்கரி மரத்தண்டு பொருத்திய மட்டையால். அந்த மரம் வளைவதோடு முறுகவும் செய்யும். வெடுக்கென்று இழுத்தால் மட்டைமுகம் திசை மாறிவிடும். ஆகவே வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டும் தளர்வான வீச்சே பயன்பட்டது, மடங்கிய முழங்கை அதற்கு ஒத்துழைத்தது. அமெரிக்காவில் 1924இலும் பிரிட்டனில் 1929இலும் எஃகுத் தண்டு அனுமதிக்கப்பட்டது. 1931இல் பில்லி பர்க் அதைக்கொண்டு யூ.எஸ். ஓப்பனை வென்றார். எஃகு முறுகுவது மிகக் குறைவு, ஒரு தண்டைப்போலவே இன்னொன்றையும் செய்யலாம். நேர்க்கை விதியை எஃகே பிறப்பித்தது என்பது மிகையாகும். ஆனால் இறுக்கமான, ஒரே அச்சில் வார்த்த வீச்சுக்கு எஃகு இடங்கொடுத்தது. 1957இல் வந்த பென் ஹோகனின் பாடநூலில் இரு முன்கைகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டதுபோல ஒரு சித்திரம் உண்டு. அந்த இலட்சியத்தை அதைவிடத் தெளிவாக வரைய முடியாது.

கை நீண்டிருந்தால் வீச்சின் ஆரம் மாறாது, பந்தைத் தொடும் புள்ளியும் நிலைக்கும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாதம் கேட்பது மாறாத ஆரத்தை மட்டுமே, விறைத்த கையை அல்ல. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்ட கால்வின் பீட்டால் அந்தக் கையை முழுவதும் நீட்டவே முடியவில்லை. அவர்தான் 1981 முதல் 1990 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து பி.ஜி.ஏ. சுற்றில் முதல் அடியை மிகத் துல்லியமாக அடித்தவர். கோணிப்போன இடது கையோடு எட் ஃபர்கோல் 1954இல் யூ.எஸ். ஓப்பனை வென்றார். இவர்கள் விதிவிலக்குகள், புதியவருக்கு இவர்களைக் காட்டிப் பயனில்லை என்று மறுக்கலாம். ஆனால் பீட்டின் கை ஓங்கும்போதும் மடங்கியிருந்தது, அடிக்கும்போதும் மடங்கியிருந்தது. அதனால் அவருடைய ஆரம் பெரிதாக மாறவில்லை. வார்டனோ உச்சியில் மடக்கியதைப் பந்தை அடைவதற்குள் நீட்டிவிட்டார். ஆக, கெடுதல் மடிப்பில் இல்லை. ஒரு வீச்சில் ஒரு அளவும் அடுத்ததில் வேறு அளவுமாக மடிவதில்தான் இருக்கிறது.

எனவே திருத்த முனைபவர் முதலில் பார்க்கவேண்டியது உச்சியில் கை எப்படித் தெரிகிறது என்பதையல்ல, பந்தைத் தொடும் கணத்தில் மட்டைமுகம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா என்பதையே. திரும்பினால் அந்த முழங்கையை விட்டுவிடலாம். திரும்பாவிட்டால் திருத்தலாம், அப்போதும் வேண்டியது தளராத நீளம்தான், விறைப்பல்ல. விறைத்த கை தோளையும் மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கி, ஒரு பிழைக்குப் பதிலாக இன்னொன்றைக் கொண்டுவந்துவிடும்.