விதையெண்ணெயும் விஞ்ஞான வரலாறும்: மகுலு மரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

கண்டி இராச்சியம் 1815இற் பிரித்தானியர் வசமாயிற்று. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. இவ்விரண்டுக்குமிடையிலான தொடர்பு தற்செயலானதன்று. நிலத்தைக் கைப்பற்றிய ஆட்சிக்கு அந்நிலத்து மரஞ்செடிகளின் வணிகப் பயனையும் மருத்துவப் பயனையும் கணக்கெடுக்கும் தேவை இருந்தது. 1880 முதல் 1896 வரை பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் (1893-1900) அத்தேவையின் வழிவந்த அரும்பணியாகும். சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அந்நூல் தருகின்றது. எனினும், அப்பெயர்களை வழிவழியாகக் காத்த உழைக்கும் மக்கள் அங்கு பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர்.

இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளரும் மகுலு இதற்கொரு சான்று. 1788இல் கேர்ட்னர் இதற்கு ஹிட்னோகார்ப்பஸ் வெனனாட்டா எனப் பெயரிட்டார். ‘வெனனாட்டா’ என்பது நஞ்சுடையது எனப் பொருள்படும். இதன் காய் மீன்பிடிப்பதற்கு நஞ்சாகப் பயன்பட்டது. இதே பேரினத்தைச் சேர்ந்த நீரடிமுத்தின் விதையெண்ணெயைத் தென்னிந்திய வைத்தியர் தொழுநோய்க்கு மருந்தாக வழங்கினர். நஞ்சையும் மருந்தையும் வேறுபிரித்தறிதல் தலைமுறைகளின் அனுபவத்தாலன்றிக் கைகூடுவதன்று.

இவ்வகை எண்ணெயின் இரசாயன அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பமிலங்கள் நேர்சங்கிலி அமைப்புடையன. 1904-05இல் இலண்டன் வெல்கம் ஆய்வுகூடத்திற் பிரடெரிக் பவரும் உடனுழைத்தோரும் பிரித்தெடுத்த சால்மூக்ரிக், ஹிட்னோகார்ப்பிக் அமிலங்களிலோ, சங்கிலியின் நுனியில் ஐந்து காபன் அணுக்களாலான வளையம் உண்டு. ஆயின் அவ்வெண்ணெயைப் பருகினால் குமட்டியது. ஊசிமூலம் ஏற்றினால் தோலின் கீழ்க் கட்டியாகத் தங்கியது. ஹவாயில் ஆலிஸ் போல் என்னும் கறுப்பினப் பெண் இரசாயனவியலாளர் அவ்வமிலங்களை எதைல் எசுத்தர்களாக மாற்றி இத்தடையை நீக்கினார். 1916இல், இருபத்து நான்காவது வயதில், அவர் மறைந்தார். பின்னர் அம்முறை அவருடைய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் டீனின் பெயரால் வழங்கலாயிற்று. காட்டில் விதை பொறுக்கியவருக்கு நேர்ந்ததே ஆய்வுகூடத்தில் உழைத்தவருக்கும் நேர்ந்தது.

1940களிற் சல்போன் மருந்துகள் வந்ததும் இவ்வெண்ணெய் படிப்படியாக வழக்கொழிந்தது. இதனைக்கொண்டு நாட்டு மருத்துவம் வெறும் மூடநம்பிக்கை என்பாருமுளர். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் எனப் பெருமிதங்கொள்வாருமுளர். இரண்டும் வரலாற்றுக்குப் புறம்பானவை. எண்ணெயின் பயன் மெய்யானது. அதன் எல்லையும் மெய்யானது. அவ்விரண்டையும் வரையறுத்துக் காட்டியது விஞ்ஞானமே. ஆனால் அவ்விஞ்ஞானத்திற்கு மூலப்பொருளாக அமைந்த அறிவு கூட்டு உழைப்பின் விளைபொருள். இன்று விதையெண்ணெய்களைப் பகுத்தாராய்வோர், எண்ணெயிலுள்ள அமிலங்களின் வீதத்தோடு, அவ்விதையின் பயனைக் கூறியவர் யாவர் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். ஆராய்ச்சியின் பயன் யாரைச் சேரவேண்டும் என்னும் வினா அப்பதிவிலிருந்தே எழும்.