துப்பாக்கி துடைத்தல்

துப்பாக்கிக் குழலின் கருநீல நிறம் சாயம் அன்று. எஃகின் மேற்பரப்பை வேதிமுறையில் மாற்றி உண்டாக்கும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுப் படலம் அது. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. எலுமிச்சை, வினிகர், கடைத் துருநீக்கி எல்லாம் அதைக் கரைத்துவிடும், உப்புத்தாள் சுரண்டிவிடும்.

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு எண்ணெய்த் துணியைப் பின்புறமிருந்து வாய்ப்பக்கமாக இழுக்க வேண்டும். நம் காவல்துறையில் நெடுங்காலம் புழங்கிய .303 லீ-என்ஃபீல்டில் இதற்கான இழுகயிறும் எண்ணெய்க் குப்பியும் கட்டையின் அடிக்குழியிலேயே இருக்கும். பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து குழலில் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது. கொதிநீர் ஊற்றி, உலர்த்தி, பிறகே எண்ணெய் இடுவார்கள். நல்லெண்ணெய் உதவாது, நாளடைவில் பிசுபிசுக்கும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். குழலைத் துடைக்கும் கரைப்பான் மரத்தில் படக் கூடாது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர்களிடம் தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் கிடக்கப்போகும் ஆயுதத்தில் கைவியர்வைத் தடம் ஒன்றே துருப்பிடிக்கப் போதும். ஒப்படைக்குமுன் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஈரம் தேக்கும் தோலுறையில் போட்டுக் கொடுக்காதீர்கள்.