விலா இறைச்சியும் பிந்தி வந்த சீனியும்

அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றி நகரம் பார்பிகியூ விலா இறைச்சிக்குப் பேர்போனது. அந்நகரின் பெயரைக் கேட்டதும், தக்காளியும் வெல்லப்பாகும் கலந்து கெட்டியாக வழியும் இனிப்புச் சோஸே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அங்கே இத்தொழிலுக்கு வித்திட்டவரின் சோஸ் இனிப்பானதன்று. மிளகும் காரமும் மிகுந்த கடுமையான சோஸ் என்றே அது பதிவாகியிருக்கிறது.

அவர் பெயர் ஹென்றி பெர்ரி. மெம்பிஸ் நகருக்கு அருகே பிறந்த கறுப்பினத்தவர். நீராவிக் கப்பல்களின் சமையலறைகளில் வேலை பார்த்தபின் 1907இல் கன்சாஸ் சிற்றிக்கு வந்து, அடுத்த ஆண்டில் இறைச்சி விற்கத் தொடங்கினார். ஒரு வரிசை விலா 25 சதம். பன்றியும் மாடும் மட்டுமல்ல, ஒபோசம், ரக்கூன் போன்ற காட்டு விலங்குகளும் அவருடைய அடுப்பில் வெந்தன. இறைச்சியைப் பத்திரிகைத் தாளில் வைத்துத்தான் கொடுத்தார். நம்மூரில் கச்சான் சுருள்களாக முடிந்த செய்திகளை எழுதிய எனக்கு இந்தத் தகவல் தனி மகிழ்ச்சி தருகிறது.

இந்தக் காரத்தின் வேர்கள் பழையவை. கரிபியன் தைனோ மக்கள் நெருப்பின் மேல் கட்டிய மரச்சட்டத்தின் பெயரே ஸ்பானியரின் நாவில் 'பார்பக்கோவா' ஆகி, ஆங்கிலத்தில் பார்பிகியூ ஆயிற்று. அமெரிக்கத் தென் மாநிலங்களின் தோட்டங்களில் குழி வெட்டி விறகெரித்தவர்கள் அடிமைகள். விருந்தின் பெருமையோ எசமானர்களுக்கு. 1937இல், முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்களைச் சேகரித்த அரசாங்கத் திட்டத்தினரிடம், தென் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ் என்ற முதியவர் தமது கைப்பக்குவத்தை விபரித்தார். இரவிரவாகக் கண்விழித்து அவர் இறைச்சிக்குப் பூசிய கலவையில் வினாகிரி, மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், வெங்காயம், உள்ளி, சில வாசனை இலைகள் இருந்தன. சிலர் கொஞ்சம் சீனியும் போடுவதுண்டு என்பதை அவர் கடைசியில்தான் சொல்கிறார்.

பெர்ரி 1940இல் மறைந்தார். கடை சார்லி பிரையன்ற் கைக்குப் போய், 1946இல் அவருடைய சகோதரர் ஆர்தரிடம் வந்தது. ஆர்தர் சோஸின் காரத்தைத் தணித்தார். 1977இல் ரிச் டேவிஸ் என்ற மனநல மருத்துவர் இனிப்பான சோஸ் ஒன்றைப் போத்தலில் அடைத்தார். கே.சி. மாஸ்டர்பீஸ் என்று பெயர்பெற்ற அதன் உரிமை 1986இல் பெரிய நிறுவனமொன்றிடம் போக, பல்பொருள் அங்காடிகள் எங்கும் அதுவே 'கன்சாஸ் சிற்றிச் சுவை' ஆயிற்று. இவ்வகைப் பிரபல போத்தல்கள் பலவற்றில் இரண்டு மேசைக்கரண்டிச் சோஸில் 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. பார்பிகியூ புகழ் மண்டபத்தில் பெர்ரிக்கு இடம் கிடைத்தது 2014இல்தான்! அவருடைய காலத்திலேயே, 1932இல், அவரைத் தேடிப்போய் எழுதிய 'த கால்' என்ற கறுப்பினத்தவரின் பத்திரிகையை நான் வணங்குகிறேன்.

விலா மெதுமையாவதற்குச் சீனி தேவையில்லை. எலும்பை ஒட்டிய கொலாஜன் என்ற நார்ப்பொருள் மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்து ஜெலட்டினாக இளகுவதே மெதுமை. வீட்டில் செய்வோர் விலாவின் உட்புறச் சவ்வை உரித்து, உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், உள்ளி தடவி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 135 பாகை செல்சியஸ் ஓவனில் ஏறத்தாழ 3 மணி நேரம் விடலாம். பின்னர் தாளை அகற்றி, வினாகிரிக் கலவையைப் பூசிப் பூசி மேலும் அரை மணி நேரம் வாட்ட வேண்டும். எலும்பு நுனியிலிருந்து சதை பின்வாங்கி, கத்திமுனை தடையின்றி இறங்கினால் பதம் சரி. ஆட்டு விலாவுக்கும் இதே வழிதான். இனிப்பு வேண்டுமென்பவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி வெல்லப்பாகு பூசலாம். முன்கூட்டிப் பூசினால் அது கருகிக் கசந்துவிடும்.