நவக்கிரகம் போல் நின்றவர்கள்

இராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினக் கரையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு முரண் கண்ணில் படும். கிரக தோஷம் நீங்கி இல்லறம் ஒற்றுமையாக நடக்கவேண்டும் என்று கணவனும் மனைவியுமாக வந்து, கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களையும் சுற்றுகிறார்கள். ஊர் திரும்பியபின் அதே இருவரும் பேச்சை நிறுத்திவிட்டால் அக்கம்பக்கத்தார் சொல்வது என்ன? “நவக்கிரகம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.” ஒற்றுமையை வேண்டிப் போவதும் கிரகங்களிடம், பிணக்குக்கு உவமையாவதும் அதே கிரகங்கள்.

அந்த உவமை எவ்வளவு தூரம் நியாயம் என்று காந்தியவாதிகளின் இரண்டு மணவாழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். டி. எஸ். சௌந்தரம் – ஜி. ராமச்சந்திரன் ஒரு பக்கம். கிருஷ்ணம்மாள் – சங்கரலிங்கம் ஜெகந்நாதன் மறுபக்கம். ஜெகந்நாதன் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் என்பதால், இந்தக் கரைக்கு அவர் அந்நியரல்லர்.

இரண்டு இணைகளிலும் நட்பே முதலில் வந்தது, தாலி பிறகு. இது நம் மரபுக்குக் கொஞ்சம் புதிது. அகத்திணை உலகில் தலைவிக்குத் தோழி தனியாள், தலைவனுக்குப் பாங்கன் தனியாள். மனத்தில் உள்ளதைக் கொட்ட மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்பதே ஏற்பாடு. தலைவனே தோழியின் வேலையையும் பார்க்கலாம் என்று இலக்கணக்காரர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சௌந்தரம், தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். பால்ய மணமாகி இளமையிலேயே கணவரை இழந்தவர். டில்லியில் மருத்துவம் படிக்கும்போது கேரளத்து நெய்யாற்றின்கரைக்காரரான ராமச்சந்திரனின் நட்பு அமைந்தது. கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர்; ஜெகந்நாதனோ வசதியுள்ள வீட்டிலிருந்து, 1930இல் கல்லூரியை உதறிவிட்டுக் காந்திய இயக்கத்துக்கு வந்தவர். முதல் இணையில் செல்வம் பெண் வீட்டில் இருந்தது, இரண்டாவதில் ஆண் வீட்டில். முதல் இணை உடைத்தது கைம்பெண்ணுக்கு மறுமணம் இல்லை என்ற சுவரையும் சாதிச் சுவரையும். இரண்டாவது இணை உடைத்தது சாதிச் சுவரின் ஆக அடியில் கிடந்த கல்லை. எது கடினம் என்று தராசு பிடிக்க நான் துணியமாட்டேன்.

வியப்பூட்டும் ஒற்றுமை காத்திருப்பில் இருக்கிறது. சௌந்தரமும் ராமச்சந்திரனும் மணக்க விரும்பியபோது, ஓராண்டு பிரிந்திருந்து பாருங்கள் என்றார் காந்தி. ஆண்டு கழிந்தும் மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7 அன்று காந்தியின் முன்னிலையிலேயே திருமணம் நடந்தது. கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் யாரும் நிபந்தனை விதிக்கவில்லை, தாங்களே விதித்துக்கொண்டார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகே மணம் என்பது முடிவு, 1950இல் மணந்தார்கள். முன்னவர்களுக்குப் பிரிவு மணத்துக்கு முந்தைய தேர்வு. பின்னவர்களுக்கு மணத்துக்குப் பிறகும் அது விடவில்லை. நிலமற்றோருக்காக நிலக்கொடை கேட்கும் பூதான நடைப்பயணம் தொடங்கியதும் ஜெகந்நாதன் வினோபாவோடு வடநாட்டுச் சாலைகளில் நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். புதுமணத் தம்பதிக்கு இது என்ன வாழ்க்கை என்று எந்த மாமியாரும் கேட்டிருப்பார். ஆனால் ஜெகந்நாதன் திரும்பி வந்து தமிழ்நாட்டில் பூதானத்தைத் தொடங்கியபோது, பக்கத்தில் நடக்கக் கிருஷ்ணம்மாள் தயாராக இருந்தார்.

முதல் இணை ஓரிடத்தில் வேர்விட்டது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே, சின்னாளப்பட்டி அருகில், 1947இல் காந்திகிராமம் எழுந்தது. அம்மா மருத்துவத்தையும் ஐயா கல்வியையும் வளர்த்தார்கள். இரண்டாவது இணைக்கு அப்படி ஒரே ஊர் என்று இருந்ததில்லை. 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் தலித்துகள் 44 பேர் எரிக்கப்பட்டபின் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். நிலத்தை உழுபவர் பெயருக்கு மாற்ற 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கிய கடலோரத்துக்கு வந்தார்கள். முன்னவர்கள் கட்டினார்கள், பின்னவர்கள் கேட்டார்கள், மறித்தார்கள், சிறை போனார்கள்.

இங்கேதான் நவக்கிரக உவமை திரும்பிப் பார்க்கவைக்கிறது. இந்த நால்வரும் எந்நேரமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். சௌந்தரம் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். ராமச்சந்திரன் 1964இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1967 வரை மனைவி கீழவையில், கணவர் மேலவையில்! ஒருவர் திசையை மற்றவர் தனதாக்கிக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மறுபக்கம், இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் தலைப்பில் இருப்பது ஜெகந்நாதன் பெயர் மட்டுமே. பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் கிருஷ்ணம்மாளின் பெயரில். 2008இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் பரிசு மட்டும் இருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னது.

கோயில் மேடையில் கிரகங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஆனால் மேடையை விட்டு இறங்குவதுமில்லை. ஊரார் முதல் பாதியை மட்டும் உவமையாக எடுத்துக்கொண்டார்கள். தேவிபட்டினத்தில் முகமே இல்லாத கற்கள்தாம். எந்தப் பக்கம் பார்க்கின்றன என்ற கேள்விக்கே இடமில்லை. கடல் பெருகினால் சேர்ந்து மூழ்குகின்றன, வற்றினால் சேர்ந்து தலைகாட்டுகின்றன.

இனி, நான் எதிர்பாராத ஓர் உறவு. இந்த இரண்டு இணைகளும் தனித்தனிக் கதைகள் அல்ல. மதுரையில் ஏழைப் பெண்ணாகப் படிக்க வந்த கிருஷ்ணம்மாளை அரவணைத்து வளர்த்தவரே சௌந்தரம் அம்மாதான். கணவனைத் தோழனாகவும் கொள்ள முடியும் என்பதை அந்தப் பெண் புத்தகத்தில் படித்திருக்க வேண்டியதில்லை. தன்னை வளர்த்தவரின் வீட்டில் கண்ணால் பார்த்திருப்பார்.

சௌந்தரம் 1984இல் மறைந்தார். ராமச்சந்திரன் கடைசிக் காலத்தை நெய்யாற்றின்கரையில் கழித்து 1995இல் காலமானார். ஊர் ஊராக நடந்த ஜெகந்நாதனின் மூச்சு 2013 பிப்ரவரி 12 அன்று அடங்கியது அந்த முதல் இணை கட்டிய காந்திகிராமத்தில். அப்போது அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் மணமாகி 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.