பெஞ்சும் டம்ளரும்: காபி கடையின் உள்ளறை வரலாறு



நினைவுச் சொற்பொழிவில் மனிதர்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இம்முறை நாம் ஒரு அறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது காபி கடையின் உள்ளறை. விளக்கை எங்கே தொங்கவிடுவது, நாற்காலியை எப்படிப் போடுவது, சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று திட்டமிட்டுத் தர இன்று உள் அலங்கார நிபுணர்கள் இருக்கிறார்கள். கடையின் அமைப்புதான் வருகிறவரின் மனநிலையைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் பாடம். நமக்கு அது புதிய செய்தி அல்ல. எங்கே உட்காரலாம், எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் கடையின் அமைப்பே நம் முன்னோருக்கு வாய்திறக்காமல் சொல்லிவந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழக நகரங்களில் காபி கிளப்புகள் பெருகின. காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், பண்பாட்டு அடையாளமானது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியிருக்கிறார். பல கடைகளின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. உள்ளே பிராமணர்கள் உட்காரத் தனியிடம், மற்றச் சாதி இந்துக்களுக்கு வேறிடம். நமக்கு அந்த அறையில் எந்த இடமும் இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினைதான். சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது கைவிடப்பட்டது.

பாத்திரத்திலும் சாதி இருந்தது. டபரா டம்ளரின் விளிம்பைக் கவனித்திருப்பீர்கள். வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க அது வசதி. சூடு ஆற்றுவதற்கு டபரா, எச்சில் படாமல் காப்பதற்கு விளிம்பு. இன்று அதைப் பாரம்பரியம் என்கிறோம். அந்தப் பாரம்பரியத்துக்குள் எச்சில் பற்றிய, தீட்டுப் பற்றிய அச்சமும் சேர்ந்தே இருக்கிறது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி உள்ளே போனது. உணவகத்துக்குள் நுழைவதைத் தடுத்தால் குற்றம் என்பதோடு, அங்கே பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய பிறகும் அந்த விதி நீடிக்கிறது. சாதி வாசலில் மட்டும் நிற்பதில்லை, டம்ளரிலும் இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

1957இல் பெரியார் ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராகச் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு கடையின் முன் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கில் தோழர்கள் கைதானார்கள். பலகையை அழித்தது வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கிராமத்து டீக்கடையில் அழிப்பதற்குப் பலகையே கிடையாது. அங்கே சாதி எழுத்தில் இல்லை, பொருள்களில் இருந்தது.

அந்தக் கடையை நினைத்துப் பாருங்கள். முன்னால் பாய்லர், பக்கத்தில் கல்லாப்பெட்டி, உள்ளே இரண்டு பெஞ்சு. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அது மாஸ்டரின் கைப்பக்கம் இருக்கும். சேரிக்காரர்களுக்கு அலுமினிய டம்ளர் அல்லது சிரட்டை. அது வெளியே ஆணியில் தொங்கும், இல்லையென்றால் கூரையில் செருகியிருக்கும். நம் ஆள் அதைத் தானே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். நின்றோ தரையில் குந்தியோ குடித்துவிட்டு, மறுபடி கழுவி அதே ஆணியில் மாட்ட வேண்டும். காசு மட்டும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் போகும். இந்தக் கடையில் யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை. பெஞ்சும் ஆணியும் அந்த வேலையைச் செய்துவிடும். குழந்தைகள் சாதியைக் கற்றுக்கொண்டது இப்படித்தான். அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்த்தார்கள், பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

இரட்டை டம்ளரை எதிர்த்து நம் இயக்கங்கள் ஊர் ஊராகப் போராடின. உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் டீ கேட்டதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. ஊர்விலக்கமும் கூலி மறுப்பும் அனுபவித்தவர்கள் உண்டு. பிறகு பல கடைகளில் தூக்கியெறியும் கோப்பை வந்தது. எல்லோருக்கும் அதுவே தரப்பட்ட இடத்தில் அவமானம் குறைந்தது உண்மை. ஊர்க்காரருக்குக் கிளாஸ், நமக்கு பிளாஸ்டிக் என்று ஆன இடத்தில் ஆணியில் தொங்கிய டம்ளர்தான் வேறு உருவில் திரும்பியிருந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைகளைத் தமிழக அரசு தடைசெய்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது. பிளாஸ்டிக் போன கடையில் நமக்கு நீட்டப்படுவது எந்த கிளாஸ் என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அறையை வேறு மாதிரியும் கட்டலாம். காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் அவற்றை நடத்தத் தொடங்கினார்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் அவர்களின் கடை ஒன்றை லாரி பேக்கர் செங்கல்லில் சுழல் வடிவமாகக் கட்டினார். தரை முழுவதும் ஒரே சாய்தளமாக ஏறிச் செல்கிறது. மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை, நகர்த்த முடியாது. ஒவ்வொரு மேசைக்கும் செங்கல் துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வரும். முன்னறை, பின்னறை என்ற பிரிவு இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து மூட்டையோடு வருகிறவரும் அதிகாரியும் ஒரே சாய்தளத்தில்தான் ஏறுகிறார்கள். ஒரு கட்டடம் சாதியை ஒழித்துவிடாது. ஆனால் பிரிப்பதற்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியும்.

இன்றைய புதுக் கடைகள் பழைய காலத்தை அலங்காரமாக வைத்திருக்கின்றன. பித்தளை டபரா, மரத்தூண், கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தச் சுவர்களில் அலுமினிய டம்ளரை நாம் பார்த்ததில்லை. அதுவும் அதே காலத்துப் பாத்திரம்தான். எதை மாட்டுவது, எதை மறைப்பது என்று முடிவுசெய்கிறவர்தான் அங்கே வரலாற்றையும் எழுதுகிறார்.

மாணவர்களிடம் நாம் கேட்பது ஒரு சிறிய வேலை. ஊருக்குப் போகும்போது டீக்கடையின் வரைபடம் ஒன்றை வரையுங்கள். பெஞ்சு எங்கே, கிளாஸ் எங்கே, கழுவும் தொட்டி எங்கே, யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்று தேதி போட்டுக் குறியுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கடையையும் கேட்டு வரையுங்கள். புகார் கொடுக்கும் நாளில் அது சான்றாகும். கொடுக்காவிட்டாலும், நம் ஆட்கள் எங்கே நின்று குடித்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு மிஞ்சும்.